கித்தாருக்குப் புதுச் சாவிகள்

சேலம்,
12.3.1944

அன்புள்ள எஸ்தருக்கு,

ஆண்டவர் தயவால் சுகமாயிருக்கிறேன். உன் இருமல் விட்டதா? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி?

இங்கே சினிமாக் கம்பெனியின் மின்சார கித்தாரில் கம்பி முறுக்கும் சாவிகள் தேய்ந்து, சுருதி நிற்காமல் போய்விட்டது. பம்பாயிலிருந்து வந்த புதுச் சாவிகளோ பழைய துளைகளில் நுழையவில்லை. முதலாளி, மதராசிலிருந்து கித்தாரோடு வேறொருவரை வரவழைக்கலாம் என்றார். அவர் வந்தால் எனக்கு வேலை ஏது? "நாளைப் பாட்டுக்கு நானே வாசிப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

தச்சர் வேலுமணி, "தொளையப் பெருசு பண்ணுனா மரம் பொளந்துக்குமுங்க. நான் கை வெக்க மாட்டனுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். அவரிடம் உருண்டை அரத்தை வாங்கி, ஆறு துளைகளையும் நானே கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். அரம் வழுக்கி இடது கட்டைவிரலில் ஒரு கீறல்; பயப்படாதே, ஆறிவிட்டது. மரம் பிளக்கவில்லை. சாவிகளைத் திருகாணி போட்டு இறுக்கினேன்.

மறுநாள் பாட்டு முடியும்வரை சுருதி அசையவில்லை. "ஏனுங்க, எங்க பொழப்பையும் புடுங்கிக்குவீங்களாட்ட இருக்குதுங்களே!" என்று வேலுமணி சிரித்தார். அடுத்த படத்துக்கும் முதலாளி என்னையே இருக்கச் சொல்லிவிட்டார்.

அதனால் ஈஸ்டருக்கு வர முடியாது. இங்கே கிடைப்பது மேட்டூர் ஆற்று மீன்தான், கடல் மீன் ருசியே இல்லை. கொஞ்சம் கருவாடு அனுப்பு. பாப்பாவை நிற்கவைத்து, அவள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டிக் கடிதத்துக்குள் மடித்து வை.

தபால் கட்டப்போகிறார்கள், நிறுத்துகிறேன்.

உன்,
தேவசகாயம்