மெஷின் மோந்து பாக்குமுங்களா?

இன்று காலை காப்பியை வாயில் வைத்ததும் உன் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று நாசூக்காகச் சொல்கிறேன். குமட்டிக்கொண்டு வந்தது என்பதுதான் நிஜம். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் கீழ்த்தள ஹால். எங்கள் பயிற்சிக் கம்பெனியின் புது பேட்சுக்குத் தொடக்க விழா. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளில் காப்பிக் கொட்டை பொறுக்குகிற முப்பது பெண்கள், மேடையில் பெரிய மனிதர்கள், எல்லோருக்கும் பேப்பர் கப்பில் காப்பி. நீ வேலை பார்த்த காப்பி யார்டின் உபயம் என்று அட்டையில் எழுதி வேறு வைத்திருந்தார்கள். ஒரு மடக்குதான் குடித்தேன். பழம் அழுகிய வாடை தொண்டைக்குள் இறங்கியது.

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பிளெக்ஸில் நீ நின்றாய். மஞ்சள் ஹெல்மெட், ஆரஞ்சு ஜாக்கெட், ஒரு கை மெஷினின் மேல். கீழே கொட்டை எழுத்தில் ‘மறுபயிற்சியால் மலர்ந்த வாழ்க்கை’. நீ செத்து எட்டு மாதம் ஆகிறது. அது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் படத்தை மாற்றியிருக்க மாட்டார்கள்.

மேடையில் இருந்தவர்களும் முகத்தைச் சுளித்தார்கள். “பால் திரிஞ்சிருக்குப்பா, வேற பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க” என்றார் எங்கள் மேனேஜர். பாலாம்! அது பால் இல்லை, நாத்தக் கொட்டை. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும்போது மெஷினிலோ தொட்டியிலோ சிக்கி, நாள் கணக்கில் புளித்துக் கெட்டுப்போன கொட்டை. பார்வைக்கு நல்ல கொட்டை மாதிரியே இருக்கும். கடித்தால்தான் குட்டு வெளிப்படும். நாலு கொட்டை சேர்ந்தால் ஒரு மூட்டையையே நாசம் செய்துவிடும் என்று எனக்குச் சொன்னவள் நீ.

நீயும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை ஒரே பெஞ்சு. நீ செம்மநத்தத்திலிருந்து நடந்து வருவாய், நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அத்தாவின் பிளாஸ்டிக் சாமான் கடையிலிருந்து வருவேன். பத்தாவதோடு உன்னை நிறுத்திவிட்டார்கள். என்னைச் சேலத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். உனக்கு என்னைவிடக் கணக்கு நன்றாக வரும். அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

வெள்ளக்கடை ரோட்டில், காப்பிக் கொட்டையைக் காயவைத்துத் தரம் பிரிக்கிற அந்த யார்டில் இருபத்திரண்டு வருடம் கொட்டை பொறுக்கினாய். முறத்தில் பரப்பி, கறுப்பு, உடைசல், பூச்சி அரித்தது என்று விரலால் தள்ளித் தள்ளிப் பிரிக்கிற வேலை. வெளியூரிலிருந்து கேமராவோடு வந்த ஒரு அம்மா, “உங்க கைகள்ல எவ்வளவு அழகான கலை இருக்கு!” என்று உருகியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் போனதும் நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். “கலையாமா? நாலு நாளு ஒக்காந்து பாக்கச் சொல்லு புள்ள அவள. மூக்குல தூசி, முதுகுல வலி. இந்த எழவு வேலைக்கு ஒரு மெஷினு வந்தா மொதல்ல நாந்தான் தேங்கா ஒடைப்பேன்” என்றாய். மெஷின் வந்தபோது தேங்காயும் உடைத்தாய்.

கேமராவும் கம்ப்யூட்டர் மூளையும் வைத்த மெஷின் அது. கெட்ட கொட்டை கண்ணில் பட்டதும் காற்றால் ஊதித் தள்ளிவிடும். பொறுக்குகிற பெண்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், பயிற்சி கொடுத்து மெஷின் ஓட்ட வைப்போம் என்று யார்டில் சொன்னார்கள். பயிற்சியை எங்கள் கம்பெனி எடுத்தது. ஆள் பிடிக்க என்னை அனுப்பினார்கள். நான் போய்ச் சொல்லியிருந்தால் செம்மநத்தத்தில் ஒருத்தியும் நம்பியிருக்க மாட்டாள். நீ கூட வந்தாய். வீடு வீடாக ஏறி, “எம்பட சிநேகிதிதான் நடத்துறா. ஏமாத்த மாட்டா, வாங்க” என்றாய். உன் வாயால் வந்தவர்கள்தான் அத்தனை பேரும்.

ஒன்றரை மாதம். முதல் வாரம் முழுக்க நல்லது ஒரு தட்டு, கெட்டது ஒரு தட்டு என்று நீங்கள் பிரித்துக் கொடுக்க, மெஷினுக்கு அதைக் காட்டிக் காட்டிப் பழக்கினார்கள். “இது தானாவே கத்துக்கும்மா” என்றார் மெஷின் கம்பெனியிலிருந்து வந்த சார். “நாங்களும் கத்துக்குவோமுங்க சார், அந்தப் பொத்தானயும் கொஞ்சம் காட்டுங்க” என்றாய் நீ. ஒவ்வொரு பொத்தானையும் படம் போட்டு, கீழே தமிழில் எழுதி, ஒரு நாற்பது பக்க நோட்டை நிரப்பினாய். வகுப்பில் எல்லோர் முன்னாலும் என்னை “டீச்சருங்க” என்று கூப்பிட்டுவிட்டு, நான் முறைத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

ஒரு நாள் கையைத் தூக்கினாய். “ஏனுங்க சார், இது கண்ணாலதான பாக்குது. மோந்து பாக்குமுங்களா?”

ஹாலே சிரித்தது. அந்த சாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. “நாத்தக் கொட்டைக்கு நெறம் அவ்வளவாத் தெரியாதுங்க. அதனாலதான் கேக்கறேன். மெஷினு தள்ளுனதுக்கப்பறம் மூட்டைக்கு ஒரு பிடி எடுத்து நாங்க கடிச்சுப் பாத்துட்டா நொம்ப நல்லதுங்க” என்றாய். அடுத்த மாடலில் பார்க்கலாம் என்று சொல்லி அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்தப் பயிற்சி முழுவதிலும் உருப்படியான ஒரே கேள்வி அதுதான். கேட்டவளுக்குக் கிடைத்தது சிரிப்பு.

கடைசி நாள் போட்டோ. ஒரே ஒரு ஹெல்மெட், ஒரே ஒரு ஜாக்கெட். உனக்குத்தான் போட்டுவிட்டார்கள், நீ நன்றாக இருப்பாய் என்று. மெஷினுக்குக் கரண்டே கொடுக்கவில்லை. “ஓடாத மெஷினு மேல கைய வெச்சு நிக்கறேன் புள்ள, கோயில் யானைகிட்ட நிக்கற மாதிரி” என்று என் காதில் சொன்னாய். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தாய். அதற்கு முன்போ பின்போ நீ அந்த மெஷினை ஓட்டியதே இல்லை. பிளெக்ஸில் இருப்பது அந்தச் சிரிப்புதான்.

மெஷின் ஓட்ட மலை அடிவாரத்திலிருந்து ஒரு டிப்ளமோக்காரர் வந்தார். முதலிலேயே பேசி வைத்த ஆளாம். உங்களில் முக்கால்வாசிப் பேர் சர்டிபிகேட்டோடு வீட்டுக்குப் போனார்கள். நம்பிக் கூட்டி வந்தது நீ என்பதால் அவர்கள் உன்னைத்தான் ஏசினார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் அங்கேயே வேலை தந்தார்கள். மெஷினுக்கு அடியில் சேரும் தூசியைக் கூட்டி அள்ளுகிற வேலை.

வேலை கிடைத்ததாக உங்களிடம் கையெழுத்து வாங்குகிற படிவத்தை எடுத்துக்கொண்டு நான் யார்டுக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று காட்டினால்தான் எங்கள் கம்பெனிக்கு அடுத்த பேட்ச். மேனேஜர் சொன்னபடி உன் பெயருக்கு நேரே ‘இயந்திரப் பிரிவு உதவியாளர்’ என்று எழுதி டிக் அடித்திருந்தேன். நீ விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, கையை முந்தானையில் துடைத்து, படிவத்தை வாங்கி எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படித்தாய்.

“கூட்டறதுக்கு இவ்ளோ பெரிய பேரா?” என்றாய்.

நான் பேனாவை நீட்டினேன்.

“கையெழுத்துப் போடாட்டி உன்ற வேல போயிருமா?”

“போயிடும்னு நெனைக்கிறேன்.”

“அப்ப குடு” என்று வாங்கிப் போட்டாய். திட்டியிருக்கலாம் நீ. படிவத்தைக் கிழித்து என் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். அழகாக, புள்ளி வைத்து, முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தாய். நான் பேனாவை வாங்கிக்கொண்டு வெட்கங்கெட்டு பஸ் ஏறினேன்.

அதன் பிறகு ஒருமுறைதான் நாம் சரியாகப் பேசினோம். எங்கள் கடை வாசலில் என்னை நிறுத்தி ஒரு தீப்பெட்டியைக் கையில் திணித்தாய். நல்ல கொட்டை விழுகிற பக்கம் கூட்டும்போது கிடைத்த நாத்தக் கொட்டைகளாம். மெஷின் ஓட்டுகிற அந்த டிப்ளமோக்காரரிடம் காட்டியிருக்கிறாய். “அக்கா, உங்க வேலையப் பாருங்க” என்று சொல்லிவிட்டாராம். “உங்க ஆபீசருங்க யாராச்சுங்கிட்ட குடு புள்ள. ஒண்ணக் கடிச்சுப் பாக்கச் சொல்லு. அதுக்கப்பறமாச்சும் எங்களுக்கு அங்க ஒரு வேல இருக்குதுன்னு தெரியட்டும்” என்றாய். சரி என்றேன். கொடுக்கவில்லை. யாரிடம் கொடுப்பது, என்ன நினைப்பார்கள், அடுத்த மாதம் பார்ப்போம் என்று பையின் உள் ஜிப்பில் போட்டு வைத்தேன். போன ஆடியில் உனக்குக் காய்ச்சல் கண்டு சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை. உன் வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், லேமினேஷன் போட்ட அந்தச் சர்டிபிகேட் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு என்னால் அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை.

இன்றைய கதைக்கு வருகிறேன். பால் வாங்க ஆள் ஓடியது. அது வரும்வரை இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மேனேஜர் மைக்கை என் கையில் கொடுத்தார். “பிளெக்ஸ்ல இருக்கற அந்தம்மாவைப் பத்திச் சொல்லுங்க, உங்க பிரெண்டுதானே” என்றார். நான் எழுந்தேன். வாயில் அந்த நாற்றம் அப்படியே இருந்தது. கையைப் பைக்குள் விட்டேன். தீப்பெட்டி இருந்தது.

மைக்கைப் பிடித்தபடியே கீழே இறங்கி, முன் வரிசையில் இருந்த, கரடியூரிலிருந்து வந்த ஒரு அக்காவிடம் பிளெக்ஸில் இருந்த உன்னைக் கண்ணால் காட்டி, தீப்பெட்டியை நீட்டினேன். அவர் திறந்தார், ஒரு கொட்டையை முன்பல்லால் கடித்தார், உடனே முந்தானையில் துப்பினார். “நாத்தக் கொட்டைங்க. இந்தக் காப்பியில இருக்கறதும் இதேதானுங்க” என்று பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளினார். அவர் மோந்துவிட்டு அடுத்தவருக்கு. ஒவ்வொருத்தராக முகத்தைச் சுளித்து, தலையை ஆட்டி, அடுத்த கைக்குக் கொடுத்தார்கள். முப்பது பேரில் ஒருத்திக்குக்கூட விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேடையில் புதுப் பால் வந்து அதே தூளில் மறுபடி காப்பி கலந்துகொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசை வரை போய் தீப்பெட்டி திரும்பி வந்தது. கரடியூர் அக்காதான் கேட்டார். “இதக் கண்டுபுடிச்சது படத்துல இருக்கற அந்தம்மாவுங்களா? அப்ப மெஷின அவிங்க கையில குடுத்துட்டாங்களா?”

“இல்லீங்க” என்றேன். “வெளக்கமாறு குடுத்தாங்க. அத மெஷின் வேலைன்னு எழுதுனது நாந்தானுங்க.”

மைக்கை அணைக்க மறந்திருந்தேன். ஹால் முழுக்கக் கேட்டது. மேனேஜர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார், பழைய தோழியின் படத்தைப் பார்த்ததில் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று அறிவித்தார். யாரோ கை தட்டினார்கள். அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டினார். அவர் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள். எல்லோரும் எழவில்லை. எழாதவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

நாளை எனக்கு வேலை இருக்குமா தெரியவில்லை. இந்தப் புது பேட்சின் படிவக் கட்டு மேசை மேல் இருக்கிறது, என்ன வேலை கிடைத்தது என்று எழுத வேண்டிய கடைசிக் கட்டம் காலியாக. தீப்பெட்டியில் மூன்று கொட்டை தந்தாய், இப்போது இரண்டு இருக்கின்றன. ஒன்றை நான் இன்னும் கடித்துப் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. நீ கொடுத்த அன்றே கடித்திருக்க வேண்டும்.

கடித்தேன். துப்பவில்லை.