அப்பாவின் பல்லும் சாக்ஸபோனின் வாயும்

அன்புள்ள செல்லக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், மூக்குக் கண்ணாடிக் கடை வேலையும் நலம், உன் அப்பாவுக்கு மேல்வரிசைப் பல் நீங்கலாக மற்றதெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையாகப் போகிறவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் சாப்பிட்ட பிறகு போட்டு, சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே, எதற்கு இத்தனை பக்கம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார், அவரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது? அதனால்தான் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் மெஷினை அணைத்துவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டு டப்பாவைத்தான் திட்ட வேண்டும்.

கல்யாணத்தன்று நீ ஹாலுக்குள் நடந்து வரும்போது, உன்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய நாளில் அப்பா தானாகப் போட்ட அந்தத் தாலாட்டு மெட்டை அவரே சாக்ஸபோனில் வாசிக்க வேண்டும் என்று போன மாதம் கேட்டாய் அல்லவா. அவரும் 'அதுக்கென்ன, வாசிச்சுட்டாப் போச்சு' என்று மார்தட்டிவிட்டுப் போனை வைத்தார். வைத்தவர் நேராகப் போய் சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கி பீரோ மேல் ஏற்றி, அதன்மேல் இருக்கிற போர்வையையெல்லாம் அடுக்கிவிட்டார். அவரால் வாசிக்க முடியவில்லை குட்டி, அதுதான் விஷயம். உன்னிடம் சொல்ல வெட்கம். என்னிடம் கேட்டால் உதட்டில் புண் என்கிறார், புண் இருக்கிற உதடு கொதிக்கக் கொதிக்கக் காபியை எப்படி அந்த உறிஞ்சு உறிஞ்சுகிறது என்று நான் கேட்கவில்லை.

நடந்தது என்னவென்றால், உன் போன் வருவதற்கு முன்பே, புதுப் பல் செட்டை மாட்டிவிட்டபோதே பல் டாக்டரம்மா, வாய் பழகக் கொஞ்சம் நாளாகும், அதுவரை எதையும் இறுக்கிக் கடிக்காதீங்க என்று சொல்லித்தான் அனுப்பினார். இவர் யார் பேச்சைக் கேட்டார்? அந்த வாரமே பாண்டு ஒத்திகைக்குக் கிளம்பிவிட்டார். மீதியை எனக்குச் சொன்னது இடி மாமா, அதுதான் அந்த டிரம்ஸ் அடிக்கிறவர். பாட்டின் கடைசி ஸ்வரத்தை உன் அப்பா வழக்கம்போல் நீட்டி முழக்கி, வழக்கம்போல் தலையை ஒரு வெட்டு வெட்டி சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்திருக்கிறார். மேல்வரிசை செட்டு, வாயில் வைத்து ஊதுகிற மவுத்பீஸைக் கவ்வியபடியே கூட வந்துவிட்டது. சாக்ஸபோன் எல்லோரையும் பார்த்துச் சிரித்ததாம். ஒருத்தரும் மூச்சு விடவில்லையாம், இடி மாமா மட்டும் பழக்கதோஷத்தில் தாளத் தட்டில் ஒரு 'டிஷ்ஷ்' போட்டுவிட்டாராம். நான் கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்தேன். பாவம், மனுஷன் அன்றைக்குச் சாக்ஸபோனை மூட்டை கட்டியவர்தான்.

ரீட் சரியில்லை, உதடு சரியில்லை என்று அவர் சொன்னபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்று முதலில் நினைத்தேன். பிறகு மவுத்பீஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கூடம் நிஜமாகவே கோணல். நீ பள்ளிக்கூட நாளில் வாசித்தவள், மறந்திருப்பாய், சொல்கிறேன் கேள். மவுத்பீஸின் அடிப்பக்கம் பலகை மாதிரித் தட்டையாக இருக்கிறதே, அதில்தான் ரீடை, ஊதினால் அதிர்கிற அந்த நாணல் சீவலை, வைத்துக் கட்டுகிறோம். அந்தத் தட்டை நுனியை நெருங்க நெருங்க மெல்ல வளைந்து ரீடை விட்டு விலகிப் போகும், அந்த வளைவுக்கு ஃபேசிங் என்று பெயர். நிறைய விலகினால் நுனியில் இடைவெளி அகலம், சத்தம் ஊரைக் கூட்டும். ஆனால் அதற்கு ஏற்ற மூச்சும் வேண்டும், ரீட் துள்ளாமல் தாடையால் அடக்கிப் பிடிக்கவும் வேண்டும். உன் அப்பாவுடையது லாரி ஷெட்டுக் கதவு மாதிரித் திறந்து கிடக்கிறது. அதை ஊதுவதுதான் ஆம்பிளைக்கு அழகு என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். சொந்தப் பல் தாங்கியது, ஒட்டவைத்த பல் தாங்குமா?

சரி என்று உன்னுடைய பழைய மவுத்பீஸைத் தையல் டப்பாவின் அடியிலிருந்து தேடி எடுத்தேன். அது நுனியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்குத்தான் திறந்திருக்கும். அது சின்னப் பிள்ளைங்க ஊதுறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டூல் போட்டுப் பெட்டியை நானே இறக்கி, கையில் கொடுத்து, கெஞ்சி, மிரட்டி ஊத வைத்தால், பழைய ஞாபகத்தில் புயல் மாதிரி ஊதினார். அவ்வளவு சின்ன இடைவெளியில் அவ்வளவு காற்று போனால் ரீட் போய் மவுத்பீஸோடு ஒட்டிக்கொள்ளாதா, சத்தமே அடைத்துவிட்டது. 'பாத்தியா, அதுவே என்னை வேண்டாங்குது' என்றார். அப்படிச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

அவருடையது அகலம், உன்னுடையது குறுகல், நடுவில் ஒன்று இருந்தால் தீர்ந்தது. வாத்தியக் கடையில் போய் இடைவெளி குறைந்த சின்ன நம்பர் மவுத்பீஸ் கேட்டு வாங்க அவர் தன்மானம் விடாது. நான்தான் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவளாயிற்றே, இந்த வளைவு எனக்கு எம்மாத்திரம் என்று ஒரு திமிர். சமையல் மேடையில் கண்ணாடித் துண்டைப் போட்டு, மேலே நைசான உப்புத்தாளை நனைத்து விரித்து, உன் மவுத்பீஸின் நுனியைக் கொஞ்சமாகத் திறந்துவிடலாம் என்று தேய்க்க ஆரம்பித்தேன். அது கருப்பு ரப்பராம், தேய்த்தால் கந்தக வாடை கிளம்பும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? உன் அப்பா கேஸ் கசிகிறது என்று கத்திக்கொண்டு வீட்டில் இருக்கிற ஜன்னலையெல்லாம் திறந்தார். தேய்த்து முடித்து ஊதச் சொன்னால் எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு கீச்சு. மவுத்பீஸின் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, வளைவுக்கு அடியில் பில் தாளை நுழைத்துப் பார்த்தேன், இடப்பக்கம் சட்டென்று நின்றுவிட்டது, வலப்பக்கம் இன்னும் உள்ளே போகிறது. லென்ஸின் ஓரத்தைச் சாய்த்துச் சாய்த்துத் தேய்த்தே பழகிய கை, இங்கேயும் தன் புத்தியைக் காட்டிவிட்டது. ஒரு விளிம்பு மூடுகிற நேரத்தில் மறு விளிம்பு திறந்தே கிடந்தால் ரீட் கீச்சிடாமல் என்ன செய்யும்?

ஆனால் அந்தக் கீச்சுக்கு உன் அப்பா சிரித்தார், குட்டி. ஒத்திகைக்குப் பிறகு முதல் தடவையாக, வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். 'இப்படியே தேய்ச்சா கடைசியில காதுல தோடாப் போட்டுக்கத்தான் ஆகும்' என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் இடப்பக்கத்தை ரெண்டு இழுப்பு தேய்ப்பது, அவர் தாளை நுழைத்துப் பார்ப்பது, போதும் என்பது, இல்லை இன்னும் ஒரு இழுப்பு என்பது, அதற்கு ஒரு சண்டை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததை ரெண்டு பேரும் கவனிக்கவில்லை. கடைசியில் ரெண்டு பக்கமும் தாள் ஒரே இடத்தில் நின்றது. ரீடைக் கட்டி, தாடையை இறுக்காமல் மெதுவாகத்தான் ஊதினார். உன் தாலாட்டு வந்தது. முழுசாக வந்தது, பல்லும் இருந்த இடத்திலேயே இருந்தது. பழைய சத்தத்தில் பாதிகூட இல்லை. ஆனால் எங்கே மூச்சு எடுக்கிறார், எங்கே குழைகிறார் என்பதெல்லாம் காதில் விழுந்தது, இத்தனை வருஷம் இந்த மனுஷனோடு இருந்தும் அதை நான் கேட்டதே இல்லை. அழுதுவிட்டேன். கந்தக வாடை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவரோ வாசித்து முடித்து மவுத்பீஸைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, வேற ஆளை ஏற்பாடு பண்ணிக்கச் சொல்லு என்றார். இந்தச் சத்தம் ஹாலோட கடைசி வரிசைக்குப் போகாது, அவ புகுந்த வீட்டுக்காரங்க முன்னாடி அப்பனுக்கு வயசாயிடுச்சுன்னு அவ தலை குனியணுமா என்றார். எனக்கு வந்ததே கோபம். நீங்க ஊரைக் கூட்டி வாசிச்ச காலத்துல எம் பொண்ணு ரூம் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் படிச்சா, இப்பத்தான் பக்கத்துல வந்து நின்னு கேக்கப் போறா, அது உங்களுக்குக் கசக்குதா என்று கேட்டுவிட்டேன். பெட்டி மறுபடியும் பீரோ மேல் ஏறிவிட்டது, ஆனால் இந்தத் தடவை அதன்மேல் போர்வை போடவில்லை. அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பல்லைப் பற்றி வாயைத் திறக்காதே, மவுத்பீஸ் பேச்சையும் எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, அப்பா, நீங்க சத்தமா வாசிக்கவே கூடாது, எனக்கு மட்டும் கேட்டாப் போதும், அப்படின்னா வாசிங்க என்று நீயாக நினைத்துச் சொல்வது போலச் சொல். கெஞ்சாதே, கெஞ்சினால் நான் எழுதிவிட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார், அதிகாரம் பண்ணு. கல்யாண வேலை என்று சாப்பிடாமல் அலையாதே, வெயிலில் திரியாதே, மாப்பிள்ளைக்கும் என் ஆசி. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடும் நிறைந்த சிரிப்போடும் இருக்க வேண்டும். ஸ்பீக்கரில் போடு என்று அவர் சொல்வார், நான் போடமாட்டேன், நீ சொல்வது அவர் காதுக்கு மட்டும் போகட்டும். சத்தம் போய்விட்டதால் மெதுவாக வாசிக்கிறோம் என்று அவர் நினைக்க வேண்டாம். மகள் கேட்டாள், குறைத்துக்கொண்டேன் என்று நினைக்கட்டும்.

உன்னை என்றும் நினைத்திருக்கும்,
அம்மா