அளவு ரவிக்கை

1958 ஜூன் 26, வியாழன்

காலையிலிருந்து சாரல். கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. பள்ளிக்கூடம் அரை நாள்.

செல்லையா அண்ணாச்சி வந்து போனார். தென் ஆப்பிரிக்காவில், போர்ட் எலிசபெத்தில், என் வீட்டுக்காரர் கடைக்கு அடுத்த கடைக்காரர். சம்சாரத்தோடு வந்து பத்து நாள் குற்றாலத்தில் வாடகை வீடு. இவர் கொடுத்தனுப்பிய பெட்டியை வைத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் ஓட்டம்.

பெட்டியில்: கம்பளி 1, அத்தைக்கு. சோப்பு 6. பிஸ்கட் டின் 1. பூப்போட்ட துணி 4 கெஜம். போன வருஷம் அளவுக்கென்று நான் அனுப்பிய ரவிக்கை, திரும்பி வந்திருக்கிறது. கடிதம் ஒரு பக்கம். நான் அங்கே போக பெர்மிட் கேட்டதற்கு ஒரே வரி: "இப்போது தோதில்லை." ஐந்து வருஷமாகத் தோதில்லை. கல்யாணமாகி என்னோடு இருந்தது நாற்பது நாள்.

அடியில் செய்தித்தாளில் சுற்றி ஒன்று. காவி நிறக் கெட்டித் துணி, மேலெல்லாம் வெள்ளைப் பாசி, நடுவில் நீலம், ஓரத்தில் சிப்பிப் பொத்தான். மாரை மறைத்து முதுகில் கட்டுவது. கடிதத்தில் இவர் எழுதிய சாமான் பட்டியலில் இது இல்லை.

ஜூன் 27, வெள்ளி

கதவைச் சாத்திக்கொண்டு கட்டிப் பார்த்தேன். கனகச்சிதம். ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆக, என் ரவிக்கையைக் காட்டிச் சொல்லித் தைத்திருக்கிறார். வெட்கப்பட்டுப் பட்டியலில் எழுதவில்லை. பைத்தியம் மாதிரிச் சிரித்தேன்.

அத்தை வெளியிலிருந்து: "ஏட்டி, உள்ள யாருகூடப் பேசுத?"

ரவிக்கையிலும் ஒரு வேடிக்கை. அறுந்துபோன கொக்கிக்குப் பதில் ஒரு நீலப் பாசி, அதற்கு நூலில் ஒரு காது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனுஷர், யாரைப் பிடித்தாரோ. இந்தத் தடவை பெர்மிட் வந்துவிடும் போலிருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

குற்றாலம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. அருவியில் பெண்கள் பக்கம் ஒருத்தி மகளிடம்: "தலையைக் குடுக்காதட்டி, முதுகைக் குடு." நான் நனையவில்லை. பெர்மிட்டுக்கு வழி கேட்கத்தான் போனேன்.

அண்ணாச்சி குளிக்கப் போயிருந்தார். அவர் சம்சாரம் ரஞ்சிதம் அக்கா மட்டும். அங்கேயே பிறந்தவள். பாசித் துணியைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன். முகம் செத்துப்போயிற்று.

"இது கடையில வாங்குனதில்ல தங்கச்சி."

"தெரியும்க்கா. சொல்லித் தைச்சிருக்காவ."

"சொல்லித் தைக்கதில்ல. அங்க கோசான்னு ஒரு ஆப்பிரிக்க இனம், அந்தப் பொம்பளைங்க தாங்களே தைக்கது. கல்யாணமாகி வாரவ, புருஷன் வீட்டுப் பொம்பளைகளுக்குத் தன் கையால பாசி கோத்துக் குடுப்பா. மூத்தவ இருந்தா மூத்தவளுக்கும். அது மரியாதை."

"மூத்தவன்னா யாரு?"

அக்கா துண்டை எடுத்து என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். என் தலை ஈரமாகவே இல்லை.

பிறகு எல்லாம் சொன்னாள். பெயர் சொன்னாள், இங்கே எழுத மாட்டேன். அவளுக்கும் இவருக்கும் ஒரு பையன்.

ஜூலை 1, செவ்வாய்

கரும்பலகையில் கழித்தலைத் தப்பாகப் போட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திருத்தினார்கள்.

சாயங்காலம் அத்தையிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"பையனுக்கு இப்ப மூணு வயசு இருக்கும்."

தெரிந்திருக்கிறது! "ஏன் அத்தை எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ ஒங்க அம்மை வீட்டுக்குப் போயிருவ. எனக்கு யாருட்டி இருக்கா?"

கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருக்கும். கீரை உருவ உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

மழை. தலைவலி. சோப்பு ஒன்றைப் பிரித்தேன், நல்ல வாசனை.

பாசித் துணியை அறுத்துப்போடக் கத்தரி எடுத்தேன். ஓரிடத்தில் நூலை வெட்டினேன். ஒரு பாசிகூட உதிரவில்லை. நாலைந்து பாசிக்கு ஒரு முடிச்சு. பாவி, நன்றாகத் தைக்கிறாள்.

எத்தனை நாள் என் ரவிக்கையை மடியில் வைத்திருந்தாளோ. கொக்கி இல்லாததைப் பார்த்தது அவள்தான். இவர் அதைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஜூலை 5, சனி

வெயில், அதிசயமாக. துணியெல்லாம் காய்ந்தது.

அண்ணாச்சிக்கு நாளை ரயில், பம்பாயில் கப்பல். "ஏதாச்சும் குடுத்துவிடணுமாம்மா?" என்று வாசலிலேயே நின்றார். அத்தை அப்பளம் கட்டினாள். நான் கடிதம் எழுதவில்லை. பெர்மிட் என்று இனி எழுதப்போவதில்லை.

ஒன்றை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ரவிக்கை தைத்து அனுப்பலாம் என்றால் அவள் அளவு எனக்குத் தெரியாது. அண்ணாச்சியிடம் எப்படிக் கேட்பது? டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கப்பலை விட்டு இறங்கும்போது கட்டிக்கொள்ள வைத்திருந்த பச்சைப் பட்டு, அந்துருண்டை வாசனையோடு. செய்தித்தாளில் சுற்றி, அவள் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

சேலைக்கு அளவு வேண்டாம்.