இரண்டு கதவுகளுக்கு நடுவே

துலூத்
அக்டோபர் 19

அன்புள்ள நில்ஸ்,

டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு உன் தாதுக் கப்பலோடு ஒட்டி நின்று, இந்தக் கடிதம் வாளியில் ஏறி உன் கைக்கு வரும்போது நீ நல்ல உடம்போடும் காய்ந்த காலுறையோடும் இருக்க வேண்டும். இங்கே இருவரும் சுகம். எல்சிக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. கீழ் ஈறில் அரிசி முனை போல ஏதோ வெளுப்பாகத் தெரிகிறது. புட்டிப் பாலை இன்னும் தொட மாட்டேன் என்கிறாள். ஏழு வகை ரப்பர் வாங்கிப் பார்த்துவிட்டேன். ஏழையும் துப்பிவிட்டு என்னையே பார்க்கிறாள்.

செவ்வாய்க்கிழமை நீ கப்பலிலிருந்து தொலைபேசியில் பேசியபோது, "இப்ப என்ன அவசரம் மாரிட், அடுத்த தடவ எழுதிக்கலாமே" என்றாய். அதோடு தொடர்பு அறுந்தது. ஏரி நடுவில் அறுந்தது உனக்கு நல்லதாகப் போயிற்று. எனக்குத் தவணை முறையில் கோபப்படத் தெரியாது. ஆகவே மொத்தமாக எழுதுகிறேன்.

அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. கணக்காளர் உரிமத்துக்கு நான்கு தாள். மூன்றில் தேறிவிட்டேன். முதலில் தேறிய தாளுக்கு ஆயுள் முப்பது மாதம். அது டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் நான்காவது தாளான தணிக்கையின் மதிப்பெண் பதிவாகாவிட்டால் முதல் தாள் செத்துவிடும். அதைத் திரும்ப எழுதுவதற்குள் இரண்டாவது சாகும். ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைப்பது எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வு நவம்பர் 14. நான்கு மணி நேரம் கணினி முன்னால். அதற்கு முன் அரை மணி நேரம் சோதனை, போக வர வண்டியில் ஒரு மணி. ஐந்தரை மணி நேரம் எல்சி பசியோடு இருக்க முடியுமா? அதனால் இருபது நிமிடம் கூடுதல் இடைவேளை கேட்டு ஆகஸ்டிலேயே விண்ணப்பித்தேன். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. அதில் கேட்டிருந்தது: குறைபாட்டின் பெயர் என்ன, எவ்வளவு காலமாக இருக்கிறது, குணமாக வாய்ப்புண்டா?

முதலில் நான் எழுதியது இது: பெயர், எல்சி. மூன்று மாதமாக இருக்கிறது. குணமாகாது. டாக்டர் ஹால்வர்சன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, இதை அனுப்பாதே என்று சொல்லி, தாய்ப்பால் ஊட்டுகிறார் என்று முறையாக ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். அதைத்தான் அனுப்பினேன். எட்டு வாரம் கழித்து நேற்று பதில் வந்தது. தாய்ப்பால் ஊட்டுவது குறைபாடு அல்ல, ஆகவே விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

குறைபாடு அல்ல என்று எனக்கும் தெரியும். அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு பெட்டி. அதற்குள் நுழையாதவர்கள் அவர்கள் கணக்கில் உலகத்திலேயே இல்லை. நோயாளி என்று பொய் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஆரோக்கியமாக இருப்பதற்கு அபராதம்.

எல்லோருக்கும் கொடுக்கும் பதினைந்து நிமிட இடைவேளை ஒன்று உண்டு. மூன்றாவது பகுதியை முடித்ததும் கடிகாரம் நிற்கும். அதை வைத்துச் சமாளிக்கப் போகிறேன். பக்கத்து வீட்டு பெவ் எல்சியை வண்டியில் கொண்டுவந்து காத்திருக்கிறேன் என்கிறாள். இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்கு அழுகிற குழந்தை புதிதா என்ன.

ஏப்ரலில் நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, நம் வீட்டு உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவில் நின்று ஒன்று சொன்னாய். உனக்கு உரிமம் கிடைத்துவிட்டால் நான் கரையிலேயே வேலை பார்த்துக்கொள்கிறேன் என்றாய். நான் மறக்கவில்லை. உனக்கும் நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

உன்
மாரிட்


துலூத்
நவம்பர் 15

அன்புள்ள நில்ஸ்,

ஏரியில் பத்தடி அலை என்று வானொலியில் சொன்னார்கள். நீ பத்திரமாக இருப்பாய் என்று எண்ணியே இதைத் தொடங்குகிறேன். தேர்வு எழுதிவிட்டேன். எப்படி எழுதினேன் என்று கேட்காதே. என்ன நடந்தது என்று கேள்.

காலையில் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். கையை மடக்கிக் காட்டு, கண்ணாடியைக் கழற்று, காதைக் காட்டு, விரல் ரேகை வை. உலோகம் தேடும் கருவி என் மார்பருகே கீச்சிட்டது. பால் கொடுப்பதற்கான உள்ளாடையின் கொக்கி என்று விளக்க வேண்டியிருந்தது, வரிசையில் ஐந்து ஆண்கள் நிற்க. சரி, அது விதி. விழுங்கிக்கொண்டேன்.

மேற்பார்வையாளன் க்ரிஃபின் என்று ஒரு பையன், இருபத்திரண்டு இருக்கலாம். இடைவேளையில் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது, தேர்வர் அல்லாத யாரும் காத்திருப்பு அறைக்குள் வரக் கூடாது, இரண்டில் எதை மீறினாலும் அறிக்கை எழுதுவேன் என்று படித்துக் காட்டினான். நான் வெளியே போக முடியாது. எல்சி உள்ளே வர முடியாது. அப்படியானால் அவள் எங்கே குடிப்பாள்?

மூன்று பகுதியும் நன்றாகவே போயிற்று. மூன்றாவதில் ஒரு கேள்வி வந்தது. எந்தச் சான்று வலுவானது? நிறுவனத்தின் ஆள் வாயால் சொல்வதா, சம்பந்தமில்லாத வெளியாளிடமிருந்து நேராக வாங்கிய காகிதமா? இரண்டாவது என்று குறித்துவிட்டு இடைவேளைப் பொத்தானை அழுத்தினேன்.

வெளியே பனி. கண்ணாடிக்கு அப்பால் பெவ் குழந்தையை அங்கிக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள். எல்சியின் வாய் திறந்திருந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்துக்கும் இந்த ஊரில் எல்லாக் கட்டடத்துக்கும் போல இரண்டு கதவு. நடுவில் குளிரைத் தடுக்க ஆறடிக்கு எட்டடி இடம், ரப்பர் விரிப்பு, உப்புக் கரை, தரையோரம் ஒரு வெப்பக்காற்று வாய். நான் உள்கதவைத் திறந்தேன். பெவ் வெளிக்கதவைத் திறந்தாள். நான் வெளியே போகவில்லை, அவள் காத்திருப்பு அறைக்குள் வரவில்லை. அந்த விரிப்பின்மேல் உட்கார்ந்து, கோட்டைப் போர்த்திக்கொண்டு, கொடுத்தேன். அடுத்த தேர்வுக்கு வந்த ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என் காலைத் தாண்டிப் போனார்.

நான்காவது நிமிடம் க்ரிஃபின் வந்தான். நான் கட்டடத்தை விட்டு வெளியேறிவிட்டதாகச் சொன்னான். பெவ் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பி, அந்த வெளிக்கதவத் தெறந்து ஒரு நிமிஷம் நில்லு. மூக்கு வெறச்சா அது வெளியில. வெறக்கலன்னா உள்ள. நீ இப்ப அரைக்கைச் சட்டையோட நிக்கிற, மூக்கு நல்லாத்தான இருக்கு?"

அவன் சிவந்துபோனான். "மேடம், இது கட்டடம் இல்ல, வாசல். நான் எழுதித்தான் ஆகணும். கேமரா இருக்கு, எழுதலன்னா என் வேல போயிடும்."

"எழுது, நல்லா எழுது. அஞ்சு மாசக் கொழந்தைக்குப் பசிச்சுதுன்னும் சேத்து எழுது. ஆமா, உனக்குக் கொழந்தையில யாரு பால் குடுத்தா, அந்தக் கம்ப்யூட்டரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, நில்ஸ், அப்போதே அழுகையும். எல்சி மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் குடித்தாள். பாதியில் பிடுங்கித்தான் எழ வேண்டியிருந்தது. திரும்ப உள்ளே போக மறுபடி அதே பை, அதே கை, அதே காது, அதே கீச்சு. உட்கார்ந்தபோது பதினேழு நிமிடம். கடிகாரம் இரண்டு நிமிடம் முன்னாலேயே ஓடத் தொடங்கியிருந்தது. சட்டை நனைந்திருந்தது. கடைசிக் கேள்வியைப் படிக்க மட்டுமே நேரம் கிடைத்தது. ஏதோ ஒன்றை அழுத்தினேன்.

இன்று மின்னஞ்சல் வந்துவிட்டது. தேர்வர் இடைவேளையில் கட்டடத்தை விட்டு வெளியேறியதாக அறிக்கை. விசாரணை முடியும்வரை மதிப்பெண் நிறுத்தி வைக்கப்படும். அவர்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து எத்தனை நாள் என்று கேட்டேன். அறுபது நாள் வரை ஆகலாமாம். அறுபது நாள் என்றால் ஜனவரி நடு. என் முதல் தாள் டிசம்பர் 31-இல் சாகும் என்று சொன்னேன். அது எங்கள் பிரிவு இல்லை என்றாள் எடுத்துப் பேசிய பெண், மிக இனிமையாக.

நீ எழுதிய நான்கு வரி அட்டை கிடைத்தது. அடுத்த கப்பல் பருவத்துக்கும் உன்னைக் கேட்கிறார்கள், கேப்டனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்கிறாய். என்ன சொல்லப்போகிறாய் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு இப்போது ஒரு சண்டைதான் தாங்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். தளத்தில் பனிக்கட்டி உடைக்கும்போது இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொள்.

உன்
மாரிட்


துலூத்
டிசம்பர் 20

அன்புள்ள நில்ஸ்,

முன் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியபோதே அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. நிறுவனத்தின் ஆள் சொல்வதா, வெளியாளின் காகிதமா? நான் என்ன முட்டாளா, நான்கு மணி நேரம் இதைத்தானே எழுதினேன்.

மறுநாள் எல்சியைத் தொட்டில் கூடையோடு தூக்கிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்கே போனேன். தேர்வு மையத்துக்கு அல்ல. நிலவறையில் உட்கார்ந்திருக்கும் கட்டடப் பராமரிப்பாளர் ஆர்லிஸிடம். எழுபது வயதிருக்கும், காதில் பென்சில். இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள இடம் கட்டடமா, இல்லையா என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வாடகை வாங்குறப்ப அது கட்டடந்தாம்மா" என்றார். வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோரும் அந்த நாற்பத்தெட்டுச் சதுர அடிக்கும் பங்கு கொடுக்கிறார்கள், தேர்வு மையமும்தான். கட்டட வரைபடத்தை எடுத்துப் போட்டார். வெளிச்சுவரின் தடித்த கோடு வெளிக்கதவோடு போகிறது. நான் உட்கார்ந்த இடம் கோட்டுக்கு உள்ளே. அவர் கையெழுத்துப் போட்ட நகல் ஒன்று வாங்கினேன். காசு வாங்க மறுத்தார். குழந்தை பசியாறியதா என்று மட்டும் கேட்டார். இதுவரைக்கும் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மூன்று பக்கத்தில் மேல்முறையீடு எழுதினேன். ஒரு இடத்திலும் கெஞ்சவில்லை. நாற்பத்தெட்டுச் சதுர அடிக்கு வாடகை கொடுக்கிற நிறுவனம், அதில் ஒரு தாய் உட்கார்ந்ததும் அது வெளியே என்று சொல்ல முடியாது என்று முடித்தேன். பெவ் தனியாக ஒரு சாட்சிக் கடிதம் எழுதினாள். அதில் மூக்கு விஷயமும் இருந்தது. எடுத்துவிடு என்றேன், எடுக்கவில்லை.

இருபத்தொன்பது நாள் ஆனது. தினமும் இரண்டு தடவை தபால் பெட்டியைப் பார்த்தேன், பால் கொடுக்கும்போதெல்லாம் ஒரு கையால் மின்னஞ்சலைப் பார்த்தேன். நேற்று பதில் வந்தது. தேர்வர் கட்டடத்தை விட்டு வெளியேறியதாகக் கொள்ள இயலாது, மதிப்பெண் விடுவிக்கப்படுகிறது, இது இத்தேர்வருக்கு மட்டுமான விதிவிலக்கு.

எழுபத்தைந்து, நில்ஸ்.

தேற வேண்டியது எழுபத்தைந்து. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. எங்கள் வட்டத்தில், எழுபத்தாறு வாங்கியவன் ஒரு நாள் வீணாகப் படித்துவிட்டான் என்று கேலி செய்வார்கள். ஆக, நான் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. படிக்க மட்டும் நேரம் கிடைத்த அந்தக் கடைசிக் கேள்வியில் நான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியது சரியாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு பற்றி எரிகிறது. என் உரிமம் ஒரு குருட்டு விரலில் தொங்கியிருக்கிறது, ஒரு குழந்தைக்குப் பசித்த குற்றத்துக்காக.

பெவ் கோழி வறுவலும் உருளைக்கிழங்குச் சாலட்டும் கொண்டுவந்தாள். கொண்டாடு என்றாள். நான் மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டேன். விதிவிலக்கு என்ற சொல்லை நீக்குங்கள் என்று எழுதினேன். எனக்கு விதிவிலக்கு வேண்டாம், விதி வேண்டும். அடுத்த மாதம் அந்த ரப்பர் விரிப்பில் இன்னொருத்தி உட்காருவாள். அவளுக்கு ஆர்லிஸைத் தெரிந்திருக்காது. பதில் வராமல் போகலாம். மறுபடி எழுதுவேன். இப்போது என் பெயருக்குப் பின்னால் உரிமத்தின் மூன்று எழுத்து வரப்போகிறது. அதை முதலில் அந்தக் கடிதத்தின் அடியில்தான் போடப்போகிறேன்.

க்ரிஃபினைக் கடைத்தெருவில் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "கெடச்சிருச்சா மேடம்?" என்றான். கிடைத்தது என்றேன். வேலையை விட்டுவிட்டானாம். அவன்மேல் இருந்த கோபத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டேன். அது அவனுக்கு உரியது அல்ல.

உன்மேல் உள்ளதை இன்னும் இறக்கவில்லை. மூன்று அட்டை அனுப்பினாய். மூன்றிலும் காற்று எப்படி, தாது எவ்வளவு, மெக்கினாக் பாலத்துக்குக் கீழே போனபோது என்ன நேரம் என்றுதான் இருந்தது. கேப்டனுக்கு என்ன பதில் சொன்னாய் என்று ஒரு வரி இல்லை. ஏப்ரலில் சொன்னதை நீ சொன்ன இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாய் போலிருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியும் வீடு திரும்பி அங்கேயே நிற்கிறாய், காலணியைத் தட்டித் தட்டி, பனி உதிர்ந்த பிறகும் தட்டிக்கொண்டு. உனக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. இரண்டும் மூடியிருக்கும்.

எல்சிக்குப் பல் வந்துவிட்டது. கடிக்கிறாள். நேற்று பெவ்விடம் புட்டியில் இரண்டு வாய் குடித்தாள். தேர்வுக்கு ஐந்து வாரம் கழித்து, மகாராணிக்கு மனது வந்திருக்கிறது.

குளிர்காலத்துக்காக ஜனவரி பதினாறில் கப்பலைத் துறையில் கட்டிவைப்பார்கள் என்று சொன்னார்கள். நல்லபடியாக வந்து சேர். ஏரி உனக்கு அமைதியாக இருக்கட்டும். வந்ததும் காலணியை ஒரே ஒரு முறை தட்டு. அப்புறம் நடுவில் நிற்காதே, நில்ஸ். உள்கதவைப் பூட்டாமல் வைத்திருப்பேன்.

உன்
மாரிட்