குளிர் அறை திருத்துபவன்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

இங்கே கத்தாரில் ஒரு மீன் கம்பனிக்குக் குளிர் அறை திருத்த ஆள் தேடினார்கள். விண்ணப்பத்தில் என்ன எழுதுவதென்று என் அறைத்தோழன் முபீனிடம் கேட்டேன். “எல்லா வேலையும் தெரியுமெண்டு போடு, அப்பதான் எடுப்பாங்கள்” என்றான். எழுதினேன். “உன் தொழில்தான் எது?” என்று கேட்டு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முபீனோ தன் விண்ணப்பத்தில் குளிர் அறை வேலையை மட்டும் எழுதி, நான் திருத்திய மெஷின்களின் படங்களைக் காட்டி அந்த வேலையை எடுத்துவிட்டான். கேட்டால், “படத்தில உன்ர பேரா எழுதிக் கிடக்கு?” என்கிறான்.

கவலைப்படாதீர்கள். நானும் என் தொழிலை மட்டும் தெளிவாக எழுதி அனுப்பினேன். வேறொரு கம்பனி வரச் சொல்லியிருக்கிறது.

மாசிச் சம்பல் அனுப்புங்கள். இனி ஒருவருக்கு மட்டும் போதும். அந்தக் கம்பனியின் வேன் வந்துவிட்டது. துஆச் செய்யுங்கள்.

மகன்,
நஸ்மீர்