ஈட்டிமரத்து மூடி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். மரத்தூசியால் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான்.

பட்டறையில் என்னோடு இருந்த நம் ஊர் பாலிஷ்கார அண்ணனுக்கு அந்த இருமல்தான் முற்றிப்போய், நேற்று இறந்துவிட்டார். சவப்பெட்டிக்கு பிளைவுட் போதும் என்றார் முதலாளி. மூடியை மட்டும், அவருக்குத் தெரியாமல், மேசைக்கு வந்த ஈட்டிமரத்தில் செய்து கறுப்பு பெயிண்ட் அடித்தேன். ஆணிக்குத் துளையிட்டபோது மணம் கிளம்பிவிட்டது.

"இது பிளைவுட்டாடா?" என்றார் மேஸ்திரி.

நான் அடுத்த துளையைப் போட்டேன்.

"சரி, சீக்கிரம் ஆணிய அடி."

பெட்டியோடு ஊருக்கு வருபவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். மூடியை எரிக்க வேண்டாமென்று அண்ணியிடம் சொல்லுங்கள். பெயிண்டைச் சுரண்டினால் ஊதாக் கோடுகள் தெரியும். நல்ல விலைக்குப் போகும்.

உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், கிழித்து மூக்கில் கட்டிக்கொள்ள. துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்