பால் சட்டியில் உருகிய ஈயம்

இஞ்சாருங்கோ, இன்று காலை பக்கத்து வீட்டுக் கூரை திருத்த வந்தவர்கள் எங்கள் பின்வளவுக்குள் ஒரு துண்டு ஈயத்தகட்டை விழுத்திவிட்டார்கள். உள்ளங்கை அளவுதான். குப்பையில் போடுவோம் என்று குனிந்து எடுத்தேன். அந்தச் சின்னத் துண்டின் பாரம் கைக்குத் தெரிந்ததும்தான் அது ஈயம் என்பது உறைத்தது. வீசிவிட்டு ஓடிவந்து குசினியில் கை கழுவினேன். தோல் எரியும் மட்டும் கழுவினேன். நீங்கள் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. கேட்க ஆள் இல்லாத வீட்டில் உங்களைத் திட்டிக்கொண்டே நின்றேன்.

உங்கள் துப்பாக்கி, அந்தப் பழைய துவக்கு, வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அதிர்ச்சிதான். எண்பதுகளின் கடைசி, ஊரை விட்டு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து, இல்ஃபோர்டில் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிது. மகள் தவழத் தொடங்கியிருந்தாள். பட்டறையில் உங்களோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் தன்னுடைய துப்பாக்கிச் சுடும் கிளப்பில் உங்களைச் சேர்த்துவிட்டார். பிறகு ஒருநாள் நீளப் பெட்டியோடு வாசலில் நின்றீர்கள். திறந்தால் பழைய இராணுவ ரைபிள். ஊரில் பொலிஸ்காரரின் தோளில் தொங்கிய அதே மரப்பிடித் துவக்கு! அதைக் கண்டு ஓடி ஒளித்த சனம் நாங்கள். நீங்கள் என்னடாவென்றால் லைசென்ஸ் எடுத்து அதை வீட்டுக்கே கூட்டிவந்தீர்கள். விசர் பிடித்துவிட்டதோ என்று கேட்டேன்.

"பயந்த சாமானை ஒருக்காத் தொட்டுப் பாக்கவேணும். பிறகு பயம் வராது" என்றீர்கள்.

துவக்கு வைக்கும் இரும்பு அலுமாரியைச் சுவரோடு இறுக்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பொலிஸ்காரர் வந்தார். பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், நன்றி சொல்லிப் போனார். ஊரில் என்றால் உங்களைக் கொண்டுபோயிருப்பார்கள்.

கடையில் விற்கிற தோட்டா அந்தக் கிழட்டுத் துவக்குக்கு ஒத்துவரவில்லை. சுட்டால் குண்டுச் சன்னம் நேராகப் பாயாமல் பக்கவாட்டில் போய்க் காகிதத்தைக் கிழிக்கிறது என்று முறைப்பட்டீர்கள். மென்மையான ஈயத் துண்டொன்றைக் குழலுக்குள் தட்டி இறக்கி, மறுபக்கத்தால் எடுத்து, பட்டறைக் கருவியால் அளந்தீர்கள். குழல் தேய்ந்து அகன்றிருந்தது. "கிழவிக்கு இடுப்புப் பெருத்துப்போச்சு" என்று சிரித்தீர்கள். அந்த இடுப்புக்கு அளவான சன்னத்தை நீங்களே வார்ப்பதென்று அச்சு ஒன்று வாங்கினீர்கள். டயர்க் கடையில் சில்லுகளிலிருந்து கழித்த ஈயப் பாரக்கட்டிகளைச் சாக்கில் சுமந்துவந்தீர்கள். பின்வளவுக் கொட்டிலில் சின்ன அடுப்பு, ஈயத்தின் கசடை எடுக்க ஒரு மெழுகுதிரித் துண்டு, கரண்டி. அச்சுச் சூடேறாமல் முதலில் ஊற்றியதெல்லாம் கத்தரிக்காய் வற்றல் மாதிரிச் சுருங்கி விழுந்தது. பிறகு மினுமினுவென்று ஒன்று வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, மகள் பிறந்த அன்று நின்றதுபோல நின்றீர்கள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

குளிர்காலம் வந்ததும் கொட்டிலில் ஈயம் சரியாக உருகவில்லை. நான் ஷிப்டுக்குப் போகும் நாட்களில் நீங்கள் குசினிக்குள் வந்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாது.

மகள் சாப்பிட மறுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகம் வெளிறிப்போனது. பல் முளைக்கிறது என்று நினைத்தோம். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ் ஒருநாள் வந்தபோது, யன்னலோரம் இருந்த அச்சைக் கண்டு என்னவென்று கேட்டார். நீங்கள் பெருமையோடு விளக்கினீர்கள். எதில் உருக்குகிறீர்கள் என்றார். பாத்திரத் தட்டில் கவிழ்த்திருந்த பால் சட்டியைக் காட்டினீர்கள். நன்றாகக் கழுவிவிட்டுத்தான் அதில் பிள்ளைக்குப் பால் காய்ச்சுவதாகவும் சொன்னீர்கள். அந்த மனுசி அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

நீங்களோ என் பக்கம் திரும்பி, "ஈயம்தானேயப்பா. அம்மா ஈயம் பூசின சட்டியிலதானே காலம் முழுக்கச் சமைச்சவ" என்றீர்கள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஈயம் என்றால் ஈயம். அதில் இரண்டு உண்டென்று யாருக்குத் தெரியும்? மறுநாள் மகளுக்கு இரத்தம் எடுத்தபோது, மெட்ராஸ்காரரான டாக்டர்தான் சொன்னார். "பாத்திரத்துக்குப் பூசறது வெள்ளீயம் சார். நீங்க உருக்கினது காரீயம். அது விஷம்." அவர் மெதுவாகத்தான் சொன்னார். உங்கள் முகத்தில் இரத்தமே இல்லை.

இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நீங்கள் சாப்பிடவில்லை. மாடிப்படியில் இருந்துகொண்டு, மகள் தவழ்ந்து கிட்ட வந்தால் எழும்பிப் போய்விடுவீர்கள். வாய் திறந்து சொன்னது ஒன்றுதான்.

"சன்னத்துக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாறம் எண்டு வந்தனாங்கள். இஞ்ச வந்து நானே அதை அவளின்ரை வாய்க்குள்ளை ஊத்திப்போட்டன்."

என்னால் உங்களைத் தேற்ற முடியவில்லை. திட்டவும் முடியவில்லை.

பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் இருந்தது. இனிமேல் உள்ளே போகாவிட்டால் குறைந்துவிடும் என்றார் டாக்டர். திரும்பத் திரும்ப ஊசி குத்திப் பார்த்தார்கள், மெல்ல மெல்லக் குறைந்தது. சாப்பிட்டாள், ஓடினாள், எதிர்த்து வாய் காட்டினாள். கடவுளே என்று நான் மூச்சு விட்டேன். நீங்கள் விடவில்லை. துவக்கைக் கிளப்பிலேயே ஒப்படைத்தீர்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அதன் பிறகு நீங்கள் மகளுக்கு உங்கள் கையால் ஒன்றும் கொடுக்கவில்லை. பால் இல்லை, சோறு இல்லை. பிஸ்கற் பக்கெற்றை உடைத்துத் தரச் சொல்லி அவள் ஓடிவந்தால், "அம்மாட்டைக் குடு" என்பீர்கள். காய்ச்சலில் அவள் தண்ணீர் கேட்டபோதும் என்னைத்தான் கூப்பிட்டீர்கள். ஏன் என்று அவளுக்குச் சொல்லக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். தகப்பன் நஞ்சு வைத்தான் என்று பிள்ளை அறியக்கூடாதாம்.

போன வருசம் ஒருநாள், வேலைக்கென்று சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த நீங்கள் அப்படியே சரிந்து விழுந்தீர்கள். எழும்பவேயில்லை.

செத்தவீடு முடிந்து எல்லாரும் போன பிறகு மகள் என் மடியில் தலை வைத்துக் கேட்டாள்.

"அம்மா, அப்பாக்கு என்னிலை விருப்பம் இல்லையோ? ஒருநாளும் தன்ரை கையால ஒரு வாய் தண்ணிகூடத் தரேல்லை."

நர்ஸுக்கு முன்னால் நின்றபோதுகூட நான் இப்படி அதிரவில்லை. அவள் ஒன்றும் கவனிக்கவில்லை என்றல்லவா நாங்கள் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்? உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறாமல், அவள் தலையைத் தடவி, "அப்பிடியில்லையம்மா" என்று மட்டும் சொன்னேன்.

இன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சொல்லப்போகிறேன். கோபித்தால் கோபியுங்கள். அவளுக்கு இன்னொரு தரம் தீங்கு வந்துவிடுமோ என்று பயந்த கையை, அன்பில்லாத கை என்று அவள் நினைத்துக்கொண்டு வளர நான் விடமாட்டேன்.